நான்கு நாள் திருத்தப்படாத வரி

காலத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கும் பெருமானே, சொல் பிறக்கும் முன்னும் சொல் அடங்கிய பின்னும் நின்றருள்பவனே, அடியாள் எழுதத் துணியும் இச்சில பக்கங்களில் மிகையும் குறையும் புகுந்துவிடாமல் காத்தருள்வாயாக.

இன்று கார்த்திகைத் திங்கள், தேய்பிறை அஷ்டமி. பிற ஊர்களில் இத்திதியில் நற்செயல் தொடங்கத் தயங்குவார்கள். அதியமான்கோட்டைக் காலபைரவர் சந்நிதியை அறிந்த எங்களுக்கோ இதைவிட உகந்த நாள் வேறில்லை. ஆகவே நெடுநாளாக மனத்தில் கிடந்ததை இன்று எழுதுகிறேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சோடி வெண்கலக் கைத்தாளம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் கோயில் மண்டபத்தில் திருப்பதிகங்களை முற்றோதும் பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. எங்கள் குழுவுக்கென்று ஒரு முறை உண்டு. பாடுபவர் ஏட்டைப் பார்க்கமாட்டார். முழுவதும் நினைவிலிருந்தே பாடுவார். எதிரே ஒருவர் அச்சிட்ட நூலை மடியில் விரித்து வரிக்கு வரி விரலோட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு ஏடு பார்ப்பவர் என்று பெயர். அவர் பாடுபவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், அல்லது மரியாதை வரும், இரண்டும் காதை மந்தமாக்கும் என்பது எங்களுக்கு முன்னிருந்தவர்கள் வகுத்தது. சொல் பிறழ்ந்தால் கைத்தாளத்தை ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். என்ன பிழை என்று சொல்வதில்லை. பாடியவருக்கே அது தெரியும். அவர் பதிகத்தை முதற்பாட்டிலிருந்து மீண்டும் தொடங்குவார். பல ஆண்டுகள் எங்கள் குழுவில் பாடியவர் இயக்குநர். ஏடு பார்த்தவள் நான்.

இயக்குநர் என்று நான் சொல்வது அவர் கல்லூரியில் வகித்த பதவியை. அதியமான்கோட்டையைத் தாண்டிச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துவது. அதன் இயக்குநராக அவரும், நூலகராக நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். காரிமங்கலம் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிலக்கடலை பறித்து வளர்ந்தவர் அவர். பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வரும்போது அவர் நாற்காலியில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே பேசுவார். பேச்சு முடிந்ததும் அவர்களுடன் நடந்து பேருந்து நிறுத்தம் வரை சென்று ஏற்றிவிட்டுத் திரும்புவார். என் கணவர் சேலத்து மருத்துவமனையில் கிடந்த மூன்று மாதமும் வாரந்தவறாமல் வந்து, கட்டிலருகே நின்று, பிற நோயாளிகளுக்குத் தொந்தரவில்லாத மெல்லிய குரலில் ஒரு பதிகம் பாடிவிட்டுப் போனவர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிப்பவர்கள் அவரை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது.

ஓய்வுபெற்ற பிறகு, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் வளர்ந்துவரும் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழகினேன். அங்கே எங்கள் கல்லூரிக்கும் ஒரு கட்டுரை இருந்தது. படித்தபோது நாணமாக இருந்தது. கல்லூரியின் வண்ணக் கையேட்டை அப்படியே கொட்டி வைத்திருந்தார்கள். தென்னகத்தின் தலைசிறந்த நிறுவனம், கல்வித் தந்தையின் கனவு, அறிவின் ஆலயம். நான் நாள்தோறும் ஓதும் பாடல்களிலும் புகழ்ச்சி உண்டுதான். அது இறைவனுக்குரியது, அங்கே அளவு தேவையில்லை. ஒரு கல்லூரிக்கு அளவு தேவை.

ஆனால் நான் கைவைக்க முடியாது. ஒரு நிறுவனத்தோடு தொடர்புடையவர் அதன் கட்டுரையை நேரடியாகத் திருத்துவது அங்கே முறையாகாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் ஒன்று உண்டு. அதில், இக்கல்லூரியின் ஓய்வுபெற்ற நூலகர் நான் என்று முதலில் அறிவித்தேன். பிறகு, எது தவறு, எதற்குச் சான்று இல்லை, எது பழையதாகிவிட்டது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். தொடர்பில்லாத ஒருவர் அதைச் சரிபார்த்துக் கட்டுரையில் மாற்ற வேண்டும். அப்படி வாய்த்தவர் மட்டக்களப்பிலிருந்து எழுதும் ஒரு பயனர். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘சான்று பார்த்தேன். மாற்றியுள்ளேன். நன்றி.’ இவ்வளவுதான் அவர் எழுதுவது. ஓராண்டில் அந்தக் கட்டுரை எலும்பும் தோலுமாக, ஆனால் நேராக, எழுந்து நின்றது. நிறுவப்பட்ட விவரம், நடத்தும் படிப்புகள், இயக்குநர் பெயர், பல்கலைக்கழக இணைப்பு, தொழிற்கல்விக்கான நடுவண் மன்றத்தின் அங்கீகாரம்.

இயக்குநர் முதலில் சிணுங்கினார்.

“ஏனுங்க லைப்ரரியன் அம்மா, ‘தலைசிறந்த’ன்னு இருந்தா உங்களுக்கு என்ன கண்ண உறுத்துதா?”

“சான்று இல்லீங்களே.”

“எம் பொஞ்சாதி என்னை நல்ல மனுசன்னு சொல்றா. அதுக்கும் சான்று கேப்பீங்களா?”

“அந்தம்மா சொல்றது செல்லாதுங்க. தொடர்பில்லாதவங்க யாராவது சொல்லணும்.”

“அப்ப இந்த ஜென்மத்துல நான் நல்ல மனுசன் ஆவ முடியாது,” என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு அவர் செய்த ஒரு காரியம் நான் எதிர்பாராதது. எலும்பும் தோலுமான அந்தக் கட்டுரையை அச்செடுத்து, சேர்க்கை அறையின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சலிக்கும் பெற்றோரிடம் கண்ணாடியைத் தொட்டுக் காட்டுவார். “இது நாங்க எழுதுனது இல்லீங்க. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவங்க எழுதுனது. படிச்சுப் பாருங்க.” அவர்கள் குனிந்து படித்து நிமிரும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கும். புகழ்ச்சியை நீக்கிய கட்டுரைதான் புகழ்ச்சியைவிட நன்றாக ஆள் சேர்த்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அங்கீகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியலை நடுவண் மன்றம் தன் இணையதளத்தில் வெளியிடும். வெளிவந்த அன்றே உரையாடல் பக்கத்தில் அதன் இணைப்பை வைத்து, இவ்வாண்டுக்கும் உண்டு என்று எழுதுவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. குளித்து முடித்துக் கோயிலுக்குப் புறப்படுமுன் பட்டியலைத் திறந்தேன். எங்கள் கல்லூரியின் பெயர் அதில் இல்லை. ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடினேன். மாவட்டவாரியாகப் பார்த்தேன். பக்கத்து மாவட்டங்களிலும் பார்த்தேன். இல்லை.

அன்று மண்டபத்தில் இயக்குநர் ஒரு சொல்லும் பிறழாமல் பாடினார். நான் ஏட்டில் விரலோட்டிக்கொண்டிருந்தேன். என் விரல் ஓடிய வரி எதுவும் எனக்குள் போகவில்லை. முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்தபின் தூணருகே நிறுத்திக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிய ஒரு விளக்கத்தைக் கல்லூரி காலத்தில் அனுப்பத் தவறிவிட்டது, இப்போது அனுப்பியாகிவிட்டது என்றார்.

“ரெண்டு வாரத்துல வந்துருமுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கத்தத் தொட வேண்டாமுங்க. பசங்க சேர்ற நேரம்.”

“நான் எப்பவுமே தொடறதில்லீங்களே. சொல்றது மட்டுந்தானே.”

“அதத்தான் கேக்கறனுங்க. சொல்லாதீங்க.”

இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மருத்துவமனைக் கட்டிலருகே நின்ற உருவம் என் கண்முன் வந்தது. பிரசாதப் பொட்டலத்தை மீண்டும் மடித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “நாளைக்குக் கரிநாள் வேறங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லை நான் பற்றிக்கொண்டேன். எங்களைப் போன்றவர்களால்தாம் இந்தத் தவற்றைச் செய்ய முடியும். திங்கட்கிழமை கரிநாள், கெட்ட செய்தி எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் எதையும் தொடங்குவதில்லை. புதன்கிழமை என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். வாயை அடக்கியிருக்க வேண்டிய நாள். பஞ்சாங்கத்தை நான் கற்றது காலத்துக்குப் பணிந்து நடப்பதற்காக. அந்த வாரம் அதை ஒரு தட்டியைப்போல எடுத்து எனக்கும் அந்த வரிக்கும் நடுவே சார்த்தி வைத்தேன். புதன்கிழமை பிற்பகல் கணினியில் உரையாடல் பக்கத்தைத் திறந்து, செய்தி முழுவதையும் தட்டச்சு செய்து, பட்டியலின் இணைப்பையும் வைத்தேன். சேமிக்கும் பொத்தானின்மேல் விரல் நின்றது. பிறகு எழுத்து எழுத்தாக அழித்தேன். ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற வரி கட்டுரையில் அப்படியே இருந்தது. முன்பு அது உண்மை. இப்போது அது உண்மை இல்லை என்று அந்தக் கட்டுரையோடு தொடர்புடையவர்களில் இருவருக்குத் தெரியும். ஒருவர் சொல்லாதே என்றார். மற்றவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு விளக்கேற்ற ஒரு சாம்பல் பூசணிக்காயை வாங்கிக்கொண்டு தருமபுரியில் நகரப் பேருந்தில் ஏறினேன். அஷ்டமிக் கூட்டம். பாதிப்பேர் மடியில் பூசணிக்காய்.

“பைரவருக்கு எறங்கறவங்க காய மடியிலயே வெச்சுக்கங்க!” என்று நடத்துநர் கத்தினார். “போன அஷ்டமிக்கு ஒண்ணு உருண்டு டிரைவர் காலுக்கே போயிடுச்சு. அவரு பிரேக்குன்னு நெனச்சு மிதிச்சிருந்தா அல்லாரும் நேரா சாமிகிட்டத்தான் போயிருப்போம்!”

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கோப்புடன். அவள் தோளருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய தந்தை. வெயிலில் கறுத்த, நேர்த்தியாகச் சவரம் செய்த முகம். சட்டையில் புதுத் துணியின் மடிப்புக்கோடுகள் கலையாமல் இருந்தன.

“ஏனுங்க ஆயா, பிசினஸ் காலேஜு ஸ்டாப்பு வந்தா சொல்றீங்களா?”

யாருக்கு என்று கேட்டேன்.

“எம் பொண்ணுக்குங்க. நாங்க வத்தல்மலைங்க. எங்கூர்ல பொம்பளப் புள்ளைங்கள்ல மொதல்ல டிகிரி முடிச்சவ இவதான். இன்னும் மேல படிக்கணும்னு நிக்கறா.”

“அப்பா, பஸ்ஸுக்கே சொல்லணுமா?”

“சொன்னா என்ன? சாமை நல்லா வெளஞ்சா சந்தையெல்லாம் சொல்றமல்ல?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். சேலத்திலும் அவளுக்கு இடம் வந்திருந்தது. அன்று மாலைக்குள் அசல் சான்றிதழ்களை அங்கே கொடுக்காவிட்டால் அது போய்விடும். ஆனால் அங்கே விடுதியில் தங்க வேண்டும். இது பக்கம், மலையடிவாரம் வரை பேருந்து உண்டு. அதனால் இங்கேயே சான்றிதழைக் கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். சான்றிதழ்களை ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த எல்லாருக்கும் தெரியும்.

“நல்ல காலேஜுதானான்னு பாத்தியா, கண்ணு?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது.

அவள் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். திரையில் என் கட்டுரை.

“விளம்பரத்த நான் நம்பறதில்லீங்க ஆயா. இத பாருங்க, இதுல பெருமையே இல்ல. உள்ளத மட்டும் போட்டிருக்குது. அதனால நம்பலாம்.”

அவள் விரல் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற சொற்களின்மேல் நின்றிருந்தது.

அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். இவர்களிடம் இதை இயக்குநர் சொல்ல வேண்டும், நான் முந்திக்கொண்டு சொன்னால் அவரைப் பொய்யராக்கியதாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது நியாயமா, இன்னொரு நாள் பார்க்கும் வேலையா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. “கோட்டை, பைரவர் கோயில்!” என்று நடத்துநர் கூவியதும் பேருந்தே எழுந்து நின்றது. காய்களும் பூக்கூடைகளும் என்னைத் தாண்டி இறங்கின. எல்லாரும் தயங்கும் திதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர் வாசலில் அவர்கள் வரிசையில் நிற்கப் போகிறார்கள். அஷ்டமியில் அவரிடம் நம்பிக்கையோடு போகிறவளுக்கு, கரிநாளும் செவ்வாயும் எப்படித் தடையாயின என்று முதன்முறையாக அப்போது கேட்டுக்கொண்டேன்.

“ஆயா, கோயில் வந்துடுச்சு. எறங்கலீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“நானும் காலேஜுக்குத்தான் வர்றேன்.”

“பூசணிக்காயோடயா?” என்றார் தந்தை.

சேர்க்கை அறையில் இயக்குநர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “அஷ்டமிப் பூசணி வழி தவறி இங்க வந்துடுச்சுங்களா?” என்றார். பிறகு எனக்குப் பின்னால் கோப்புடன் நுழைந்தவர்களைப் பார்த்தார். என்னை மீண்டும் பார்த்தார். அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. காயை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான் சுவரோரமாக அமர்ந்தேன். மேசை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தந்தை கோப்பை வாங்கி மேசைமேல் வைத்தார். உள்ளே பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று. இயக்குநர் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் அதே வரிசையில் அதே இடங்களில் நிறுத்திச் சொல்வது. கல்லூரி எப்படித் தொடங்கியது, எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர்கள் யார், வேலைக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள். தந்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் இயக்குநரின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல என் கண் வரிவரியாக இறங்கியது.

“அப்புறம், வருசா வருசம் அங்கீகாரம் வாங்கற காலேஜுங்க இது…”

என் விரல் மோதிரம் கண்ணாடியில் ஒரு முறை தட்டியது.

நான் எண்ணிச் செய்யவில்லை. பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செய்த வேலையைக் கை தானாகச் செய்தது. இயக்குநர் வாக்கியத்தின் நடுவில் நின்றார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. வெளியே நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டி ஒலிப்பானை நீளமாக அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. அந்தப் பெண்ணின் கை கோப்பின் மூலையை நோக்கி நகர்வதைக் கண்டேன். அவர் சினந்து என்னை வெளியேறச் சொல்லலாம். சிரித்து மழுப்பிவிட்டுத் தொடரலாம். எது நடந்தாலும் அடுத்து நான் பேச வேண்டிவரும்.

“என்னங்க, என்ன ஆச்சு?” என்றார் தந்தை.

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். மண்டபத்திலும் அப்படித்தான் செய்வார்.

“மொதல்ல இருந்து சொல்றனுங்க,” என்றார்.

மெய்யாகவே முதலிலிருந்து சொன்னார். கல்லூரி தொடங்கிய கதை, பிள்ளைகள், ஆசிரியர்கள், வேலைக்குப் போனவர்கள், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல். தந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுபடியும் தலையாட்டினார். அந்த இடம் வந்தது.

“போன வருசம் வரைக்கும் அங்கீகாரம் இருந்துச்சுங்க. இந்த வருசத்துக்கு இன்னும் வரல. வரும்னு நான் நம்பறேன். ஆனா இப்ப இல்லீங்க.”

“வரும்னா, எப்பங்க?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

அவள் கோப்பை எடுத்து மீண்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள். தந்தை கோபிக்கவில்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை ஒரு முறை பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். “சொன்னதுக்குச் சந்தோசமுங்க,” என்றார். மகளிடம், “எந்திரி கண்ணு. சேலம் பஸ்ஸ புடிக்கணும்.”

இயக்குநர் அவர்களுடன் நடந்தார். நானும் பின்னால் போனேன். அந்த நிறுத்தத்தில் சேலம் விரைவுப் பேருந்துகள் நிற்பதில்லை. இரண்டு வண்டிகள் நிற்காமல் போயின. மூன்றாவது வந்தபோது அவர் சாலை விளிம்பைத் தாண்டித் தார்மேல் இறங்கி இரண்டு கையையும் உயர்த்தி நின்றார். வேட்டி காற்றில் படபடத்தது. ஓட்டுநர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். அந்தப் பெண் ஏறும்போது என் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாலை ஐந்து மணிக்கு அழைத்து, “ஆயா, வாங்கிக்கிட்டாங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அறைக்குத் திரும்பிய இயக்குநர் மேசைக் கண்ணாடியின் விளிம்பைத் தூக்கி, தாளை உருவி, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். “இப்ப சொல்லுங்க,” என்றார். நான் வேலை பார்த்த நூலகத்துக்கே போய், நான் அமர்ந்த நாற்காலியிலேயே அமர்ந்து, உரையாடல் பக்கத்தில் எழுதினேன். சிறிது நேரத்தில் மட்டக்களப்பிலிருந்து விடை வந்தது. ‘சான்று பார்த்தேன். மாற்றியுள்ளேன். நன்றி.’

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. எந்த நாளில், எந்த நிமிடத்தில், எவர் எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் அழியாமல் இருக்கும். அதைப் பார்ப்பவர்களுக்கு, வியாழக்கிழமை நண்பகலில் ஒரு மூதாட்டி செய்தி சொன்னாள், அப்போதே திருத்தப்பட்டது என்றுதான் தெரியும். அவள் ஞாயிற்றுக்கிழமையே அறிந்திருந்தாள் என்று அந்தப் பக்கம் சொல்லாது. அதைச் சொல்ல வேறு இடம் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏனென்றால், அந்த நான்கு நாளில் மூன்று பிள்ளைகள் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் இயக்குநர் அறக்கட்டளையினர் தடுத்தும் கேளாமல் அலமாரியைத் திறந்து மூன்று கோப்புகளையும் எடுத்துக்கொண்டு, வீடுவீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கு வேறு இடம் இருந்தது. காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்கு வேறு கல்லூரியின் கடைசி நாள் புதன்கிழமையே முடிந்துபோயிருந்தது. அவனுக்கு அந்த ஓராண்டு போயிற்று. அடுத்த ஞாயிறு மண்டபத்தில் இயக்குநர் என்னிடம் சொன்னார்: “அவங்கம்மா ஒண்ணும் திட்டலீங்க. ‘நெட்டுல போட்டிருந்துச்சே சார்’னு மட்டும் சொன்னாங்க.” என்னைக் குற்றஞ்சாட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு வருத்தம், சொன்னார். அன்று என்னால் ஏட்டில் விரலோட்ட முடியவில்லை. வேறொருவரை உட்காரச் சொன்னேன்.

அறக்கட்டளையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “இருபது வருசம் எங்க சோத்தத் தின்னீங்களே அம்மா,” என்றார். “தின்னேனுங்க. அதனாலதான் என் கை நேரா அந்தப் பக்கத்துல படல,” என்றேன். இவ்வாண்டு அங்கீகாரம் இல்லை என்ற புதிய வரியைப் பெயரில்லாத யாரோ பலமுறை நீக்கினார்கள். எனக்குத் தொடர்பில்லாத யாரோ ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப வைத்தார்கள். இயக்குநரை அந்த மாத முடிவில் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். அங்கீகாரம் அடுத்த ஆண்டுதான் வந்தது. பட்டியல் வெளியான காலையிலேயே அதையும் சொன்னேன். அதுவும் அப்போதே கட்டுரையில் ஏறியது. இடையில் ஓராண்டு இல்லை என்பதும் இன்றுவரை அங்கே இருக்கிறது. அதைவிடக் கடுமையாகவும் இல்லை, மென்மையாகவும் இல்லை.

இயக்குநர் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போய்ச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அழைத்தார். நலம் விசாரித்தார். யார் இப்போது பாடுகிறார்கள் என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கினார்.

“எம்பேரு இன்னும் அங்க நிக்குதுங்க லைப்ரரியன் அம்மா. அந்தப் பக்கத்துல, வலது பக்கத்துப் பெட்டியில. இயக்குநர்னு.”

“புதுசா வந்தவங்க பேருக்குச் சான்று வேணுமுங்களே.”

“காலேஜு வெப்சைட்டுல போட்டுட்டாங்களே. நீங்க பாக்கலீங்களா?”

பார்த்திருந்தேன். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரை எடுக்கச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. “பாத்தேனுங்க,” என்றேன். மீதி அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இப்ப அது உண்மை இல்லீங்க,” என்றார். “எடுத்துடச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்.”

கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கணினியைத் திறந்து எழுதினேன். விடை வரும்வரை அவர் காத்திருந்தார். மறுமுனையில் அவர் ஏதோ ஒரு பதிகத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பது கேட்டது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். பெட்டியில் வேறொருவர் பெயர் இருந்தது.

“ஆச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

“சரியாப் போட்டிருக்காங்களா, புதுசா வந்தவரு பேர?”

எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். “சரிங்க,” என்று சொல்லி வைத்தார்.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி, குறைவின்றி, நெடிது வாழ்க. தாம் அறிந்ததை அறிந்த அன்றே சொல்லும் திடத்தையும், அன்புக்குரியவர் முகத்தை நோக்காமல் சொல்லிவிட்டு, சொன்னபின் அம்முகத்தை நேரே நோக்கும் பேற்றையும் காலத்தின் தலைவன் உங்கள் எல்லோருக்கும் அருள்க.